முதிர்ந்த டீசல் கார்: உடைமையாளர் கணக்கும் ஊர்க் கணக்கும்

ஒரு மூலதனப் பொருளை எத்தனை ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்துவது சிக்கனம் என்பது பொருளாதார மாணவர்கள் முதலாண்டிலேயே சந்திக்கும் வினாவாகும். நெசவுத் தறி, நீரிறைக்கும் பம்பு, போக்குவரத்துக் கழகப் பேருந்து ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு பாடநூல்கள் இதனை விளக்குகின்றன. தில்லியில் 2015ஆம் ஆண்டு முதல் இவ்வினா வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றியதாகிவிட்டது. டீசலில் ஓடும் கார் பத்து ஆண்டுகள் கடந்தால் தலைநகர வட்டாரத்தின் சாலைகளில் ஓடக் கூடாது என்பது அங்குள்ள நிலை. டீசல் காரோ, நீண்ட காலம் வைத்திருந்து நெடுந்தூரம் ஓட்டினால் மட்டுமே தன் விலைக்கு ஈடுகொடுக்கும் இயல்புடையது. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே அகப்பட்டுக் கொண்ட குடும்பங்கள் பல. அவற்றுள் என் குடும்பமும் ஒன்று என்பதை முதலிலேயே கூறிவிடுவது முறை.

டீசல் என்ஜின் ஏன் நெடுநாள் உழைக்கிறது?

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை மின்பொறி பற்றவைக்கிறது. டீசல் என்ஜினிலோ காற்று மட்டுமே உருளைக்குள் அழுத்தப்படுகிறது. அழுத்தத்தால் கடுமையாகச் சூடேறிய அக்காற்றினுள் டீசல் பீச்சப்பட்டதும் அது தானே பற்றிக்கொள்கிறது. பழைய வகை டீசல் கார் என்ஜின்களில் காற்று ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காக ஒடுக்கப்படும். பெட்ரோல் என்ஜின்களில் இது பொதுவாக எட்டு முதல் பதினொன்றில் ஒரு பங்காகவே இருக்கும். இத்தகைய அழுத்தத்தைத் தாங்குவதற்காக என்ஜினின் உடல், சுழல்தண்டு, தாங்கிகள் அனைத்தும் கனமாகவும் உறுதியாகவும் வார்க்கப்படுகின்றன. சுழலும் வேகமும் குறைவு. டீசல் எண்ணெய் சற்றே வழவழப்புடையதாதலின் பம்புக்கும் அதுவே மசகாகிறது. நிறுவனம் ஓர் உறுதிக்காகச் செய்த செலவு உரிமையாளருக்கு நீண்ட ஆயுளாகக் கிடைக்கிறது எனலாம்.

1976ஆம் ஆண்டைச் சேர்ந்த மெர்சிடிஸ் டீசல் கார் ஒன்றை வாடகை வண்டியாக ஓட்டிய கிரேக்க நாட்டவர் ஒருவர், 46 இலட்சம் கிலோமீட்டர் கடந்த பின் 2004இல் அதனை அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். இடையிடையே என்ஜினை மாற்றி மாற்றியே அத்தூரம் எட்டப்பட்டது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் ஐந்து இலட்சம் கிலோமீட்டரைக் கடந்த இன்னோவா வண்டிகளைத் தமிழகத்து வாடகைக் கார் நிறுத்தங்களில் காண்பது அரிதன்று.

எஸ்டேட் வகைக் கார்கள்

கூரை பின்புறம் வரை நீண்டு, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் அமைப்புடைய கார்களை எஸ்டேட் வகை என்பர். அம்பாசடரிலும் பியட்டிலும் இவ்வகை இருந்தது. மருத்துவமனை வண்டிகளாக அவை மிகுதியும் பயன்பட்டதாலோ என்னவோ, சொந்தக் காராக அவ்வடிவத்தை வாங்க நம் மக்கள் தயங்கினர். அம்பாசடரில் டீசல் என்ஜின் 1970களின் இறுதியை ஒட்டியே வந்துவிட்டது. எனினும் டீசல் எஸ்டேட் என்னும் பெயருக்கு முழுத் தகுதியுடன் வந்தது 1992இல் வெளியான டாட்டா எஸ்டேட் ஆகும். அதன் என்ஜின் 1,948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பின்னர் 2004இல், இண்டிகா காரின் 1,405 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜினைக் கொண்டே இண்டிகோ மரீனா என்னும் எஸ்டேட் வந்தது. இரண்டுமே பெருவாரியாக விற்கவில்லை. 1994இல் வந்த சுமோ, 2000இல் வந்த குவாலிஸ், 2005இல் வந்த இன்னோவா ஆகியவை அவ்விடத்தைப் பிடித்துக் கொண்டன.

விற்காத பொருளுக்குப் பழைய சந்தையில் விலை விரைவில் இறங்கும். முதல் உரிமையாளருக்கு அது இழப்பு. நீண்ட நாள் வைத்திருக்க எண்ணி இரண்டாம் கையாக வாங்குபவருக்கோ அதுவே ஆதாயம். மரீனாவைப் பொறுத்தவரை மற்றொரு வாய்ப்பும் இருந்தது. அதன் என்ஜினும் பெரும்பான்மையான இயந்திர உறுப்புகளும் இலட்சக்கணக்கில் விற்ற இண்டிகாவின் உறுப்புகளே. ஆதலால் தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் அவற்றிற்குத் தட்டுப்பாடு இல்லை, விலையும் மலிவு. எஸ்டேட்டுக்கே உரிய பின்கதவுக் கண்ணாடி, பின்விளக்கு, பக்கவாட்டுத் தகடு ஆகியவைதாம் அலைந்து தேட வேண்டியவை. எந்தப் பழைய வண்டியை வைத்திருக்கலாம் என்று கேட்போர், என்ஜினின் புகழை விடுத்து, அதன் உறுப்புகளை வேறு எத்தனை வண்டிகள் பகிர்ந்துகொள்கின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆண்டுச் சராசரிச் செலவு

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு காரை வைத்திருப்பதில் ஆண்டுதோறும் மாறும் செலவுகள் இரண்டு. ஒன்று, விலைமதிப்பின் தேய்மானம். இது முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழும். மற்றொன்று பழுதுபார்க்கும் செலவு. இது முதலில் சிறிதாக இருந்து பின்னர் வளரும். எரிபொருளும் காப்பீடும் ஏறத்தாழ மாறாதவை என்று ஒதுக்கிவைப்போம். மாணவர்களின் வசதிக்காக முழு எண்களைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துள்ளேன். இவை சந்தை நிலவரத்தைக் காட்டும் புள்ளிவிவரங்கள் அல்ல.

காரின் விலை 6,00,000 ரூபாய் என்க. ஐந்தாம் ஆண்டின் முடிவில் அது 2,80,000 ரூபாய்க்கு விலைபோகும். அதுவரை பழுதுச் செலவு 70,000 ரூபாய். தேய்மானம் 3,20,000 ரூபாயுடன் இதனைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆண்டுச் சராசரி 78,000 ரூபாய். பத்தாம் ஆண்டின் முடிவில் விலை 1,10,000 ரூபாய், மொத்தப் பழுதுச் செலவு 2,40,000 ரூபாய் எனக் கொண்டால் சராசரி 73,000 ரூபாய். பன்னிரண்டாம் ஆண்டில் விலை 75,000 ரூபாய், பழுதுச் செலவு 3,35,000 ரூபாய். சராசரி ஏறத்தாழ 71,700 ரூபாய். பதினைந்தாம் ஆண்டில் விலை 40,000 ரூபாய், பழுதுச் செலவு 5,10,000 ரூபாய். சராசரி ஏறத்தாழ 71,300 ரூபாய். பதினெட்டாம் ஆண்டில் விலை 30,000 ரூபாயாகவும் பழுதுச் செலவு 7,40,000 ரூபாயாகவும் ஆகும்போது சராசரி 72,800 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது.

இக்கணக்கில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. சராசரிச் செலவின் கோடு பதினைந்தாம் ஆண்டை ஒட்டித் தாழ்ந்த நிலையை அடைகிறது. ஆனால் அதன் அடிப்பாகம் கிண்ணம்போல் குழிந்திராமல் தாம்பாளம்போல் தட்டையாக இருக்கிறது. பத்தில் விற்பவருக்கும் பதினைந்தில் விற்பவருக்கும் ஆண்டுக்கு ஆயிரத்து எழுநூறு ரூபாய்தான் வேறுபாடு. அவ்வாறாயின் பத்து ஆண்டு வரம்பால் உரிமையாளருக்குப் பெருநட்டம் இல்லையே என்று தோன்றலாம். இங்கேதான் இரண்டாவது செய்தி வருகிறது. வரம்பு விதிக்கப்பட்ட வட்டாரத்தில் பத்தாண்டு முடிந்த காரை 1,10,000 ரூபாய்க்கு வாங்க எவரும் முன்வரார். விலை 50,000 ரூபாயாகச் சரிந்தால் அதே பத்தாண்டுச் சராசரி 79,000 ரூபாய்க்கு, அதாவது ஐந்தாம் ஆண்டில் விற்றவரின் சராசரிக்கும் மேலாக, உயர்ந்துவிடும். நன்றாகப் பேணி வைத்திருந்தவர், பேணாமல் பாதியில் விற்றவரைவிடக் கூடுதலாகச் செலவிட்டவராகிறார்.

பழைய காருக்கு இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இனி எப்படி விற்பது என்று பலர் கூறக் கேட்கிறோம். இது பிழையான சிந்தனை. கழிந்த செலவு கழிந்ததுதான். பார்க்க வேண்டியது வரப்போகும் ஆண்டின் செலவை மட்டுமே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் பதினோராம், பன்னிரண்டாம் ஆண்டுகளில் பழுதுச் செலவு ஆண்டுக்கு 47,500 ரூபாய், விலைச்சரிவு 17,500 ரூபாய், ஆக 65,000 ரூபாய். இது அதுவரையான சராசரியைவிடக் குறைவு, ஆகவே வைத்திருக்கலாம். பதினைந்துக்குப் பிந்திய மூன்று ஆண்டுகளில் இதே தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாயாகிறது, ஆகவே விடலாம். வட்டியையும் சேர்த்தால் பழைய காரின் பக்கம் தராசு இன்னும் சற்றுத் தாழும். ஏனெனில் அதில் முடங்கியிருக்கும் பணம் சிறிது.

டீசலுக்கு ஏன் நீண்ட காலம் வேண்டும்?

ஒரே வகைக் காரில் டீசல் பதிப்பு பெட்ரோல் பதிப்பைவிட விலை கூடியது. அக்கூடுதல் விலை எரிபொருள் மிச்சத்தின் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73.18 ரூபாய், டீசல் 40.91 ரூபாய். பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் டீசல் கார் 18 கிலோமீட்டரும் ஓடியதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு 3.36 ரூபாய் மிச்சம். ஒரு இலட்ச ரூபாய்க் கூடுதல் விலை முப்பதாயிரம் கிலோமீட்டருக்குள் திரும்பிவிடும். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்கு இரண்டரை ஆண்டுகள். அந்நாட்களில் விற்ற புதிய கார்களில் பாதிக்கும் மேற்பட்டவை டீசல் கார்களாக இருந்ததில் வியப்பில்லை. உழவருக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் என அளிக்கப்பட்ட விலைச் சலுகை, அவ்வாறாகக் கார் வைத்திருப்போர் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. நிதித் துறையினர் அன்று இதைப் பற்றிக் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

2013 ஜனவரி முதல் டீசல் விலை மாதந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முற்றிலும் நீக்கப்பட்டது. 2024 மார்ச்சு நடுவில் தில்லியில் பெட்ரோல் 94.72 ரூபாய், டீசல் 87.62 ரூபாய். புதிய பெட்ரோல் என்ஜின்களும் சிக்கனமாகிவிட்டன. அவை 16, டீசல் 20 கிலோமீட்டர் எனக் கொண்டால் மிச்சம் கிலோமீட்டருக்கு 1.54 ரூபாய்தான். கூடுதல் விலை ஒன்றரை இலட்சமானால் அதை ஈடுகட்ட ஏறத்தாழ 97,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதே குடும்பத்திற்கு எட்டு ஆண்டுகள். அதன்பின் ஆதாயம் காணத் தில்லியில் எஞ்சியிருப்பவை இரண்டே ஆண்டுகள்! 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நெறி வந்தபோது நாட்டின் மிகப் பெரிய கார் நிறுவனமே டீசல் கார்களைக் கைவிட்டது இப்பின்னணியில்தான்.

புகையின் கணக்கு

இதுவரை உடைமையாளரின் கணக்கைப் பார்த்தோம். ஊரின் கணக்கு வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் வகைப்படுத்தியது. காரின் உரிமையாளர் செலுத்தாத இச்செலவைச் சாலையோரத்தில் நிற்பவர் தம் நுரையீரலால் செலுத்துகிறார். பிகு என்னும் பொருளியலறிஞர் 1920இல் எழுதிய நூலில் விளக்கிய புறவிளைவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டீசல் காருக்கு பாரத் ஸ்டேஜ் 3 நெறி அனுமதித்த நுண்துகள் கிலோமீட்டருக்கு 0.05 கிராம். ஸ்டேஜ் 4இல் அது 0.025 கிராம், ஸ்டேஜ் 6இல் 0.0045 கிராம். அதாவது 2005க்கும் 2010க்கும் இடையே தில்லியில் வாங்கிய டீசல் கார் ஒன்று, புதியதாக இருந்தபோதே, இன்றைய காரைவிடப் பதினொரு மடங்கு துகளை வெளியிட உரிமை பெற்றிருந்தது. எரிபொருளில் கந்தகத்தின் அளவும் இவ்வாறே பத்து இலட்சத்திற்கு 350 பங்கு, 50 பங்கு, 10 பங்கு எனக் குறைக்கப்பட்டது. என்ஜின் எவ்வளவு நன்றாகப் பேணப்பட்டாலும் பிறப்பிலேயே இல்லாத துகள் வடிகட்டி பின்னர் முளைத்துவிடாது. என் வண்டி புகையே விடுவதில்லை என்று பெருமைப்படுவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது. புகைச் சான்றிதழுக்காக நடக்கும் சோதனையோ, வண்டியை நிறுத்தி வைத்து முடுக்கும்போது வரும் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. நைட்ரசன் ஆக்சைடுகளையும் ஓடும்போது வெளிப்படும் துகளின் எடையையும் அது காட்டுவதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தில்லிக் காற்றைப் பற்றிக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அளித்த ஆய்வறிக்கையில், மிக நுண்ணிய துகள்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாகனங்களிலிருந்து வருவதாகக் கணிக்கப்பட்டது. அப்பங்கிலும் பெரும்பகுதி லாரிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் உரியது; நான்கு சக்கரக் கார்களுக்கு உரியது ஏறத்தாழ பத்தில் ஒன்று. மொத்தத்தில் இது நூற்றுக்கு இரண்டு. அதிலும் பழைய டீசல் கார்களின் பங்கு ஒரு பகுதியே. சிறிதானதால் விட்டுவிடலாம் என்பது என் வாதமன்று. சிறு பகுதியைக் குறைக்கக் குடும்பங்கள் ஏற்கும் செலவு எவ்வளவு, அதே செலவில் வேறெங்கே எவ்வளவு குறைத்திருக்கலாம் என்பதுதான் திட்டமிடுவோர் கேட்க வேண்டிய கேள்வி.

வயதை அளவுகோலாகக் கொள்வதில் மற்றொரு குறைபாடும் உள்ளது. ஓய்வுபெற்ற ஒருவர் பத்தாண்டுகளில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய காரும், விமான நிலையத்திற்கு இரவும் பகலும் ஓடி நான்கு இலட்சத்தைக் கடந்த வாடகைக் காரும் ஒரே நாளில் வரம்பைத் தாண்டுகின்றன. அரசு வண்டிகளைக் கழிக்கும்போது ஓடிய தூரம், கழிந்த ஆண்டுகள் ஆகிய இரண்டையும் பார்ப்பதே நம் அலுவலகங்களின் நெடுநாள் வழக்கம். வயதை மட்டும் பார்ப்பதற்கு ஒரே நியாயம், அது பதிவுச் சான்றில் அச்சிடப்பட்டிருக்கிறது. எவரும் திருத்த முடியாது. தூரமானியைத் திருப்பிவைப்போரும் போலிப் புகைச் சான்று தருவோரும் உள்ள நாட்டில் இந்நியாயத்தை எளிதாகத் தள்ளிவிடவும் இயலாது. நிர்வாகத்தில் பணியாற்றியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஆணைகளின் வரலாறு

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம் என்றும் கூறுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பர் 26 அன்று, பதினைந்து ஆண்டு கடந்த எந்த வண்டியும் தில்லியில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரல் 7 அன்று டீசல் வண்டிகளுக்கு அவ்வரம்பைப் பத்தாண்டாக்கித் தலைநகர வட்டாரம் முழுவதற்கும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29 அன்று இதனை உறுதிப்படுத்தியது. பதினைந்து ஆண்டு என அரசே அச்சிட்டுக் கொடுத்த சான்றை நம்பிக் கார் வாங்கியவரின் மனக்குறை இங்கே தொடங்குகிறது. சட்டத்தின் சொல்லை நம்பி முதலீடு செய்த குடிமகனுக்கு அச்சொல் இடையில் சுருங்கிப் போவது, எந்தத் துறையிலும் நல்ல முன்மாதிரியன்று.

பல ஆண்டுகள் இவ்வாணைகள் அரைகுறையாகவே நடைமுறையில் இருந்தன. 2025 ஏப்ரலில் காற்றுத்தர மேலாண்மை ஆணையம், ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு ஜூலை 1 முதல் எரிபொருள் வழங்கக்கூடாது எனப் பணித்தது. பெட்ரோல் நிலையங்களில் எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தில்லியின் பதிவேட்டில் அத்தகைய வண்டிகள் ஏறத்தாழ 62 இலட்சம். பெரும்பாலானவை இருசக்கர வண்டிகள். பதிவேட்டில் உள்ளவை எல்லாம் சாலையில் உள்ளவை அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வாரத்திற்குள் எழுந்த எதிர்ப்பினால் இத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டு 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என இடைக்கால ஆணையிட்டது. டிசம்பர் 17 அன்று அப்பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4 மற்றும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு மட்டுமே உரியது எனத் திருத்தப்பட்டது. வயது என்னும் ஒற்றை அளவுகோலிலிருந்து வண்டியின் புகை நெறி என்னும் அளவுகோலுக்கு நீதிமன்றம் ஒரு படி நகர்ந்திருப்பதாக இதனைக் கொள்ளலாம். பொருளாதார நோக்கில் இது சரியான திசை என்பது என் கருத்து.

ஊர் மாறும் வண்டிகள்

வரம்பை எட்டிய தில்லிக் கார்கள் எங்கே செல்கின்றன? சில மாயாபுரியில் பிரிக்கப்பட்டன. இந்தச் சந்தையில்தான் 2010 ஏப்ரலில், பழைய இரும்போடு வந்துசேர்ந்த கோபால்ட் கதிரியக்கப் பொருளால் ஓர் உயிர் போயிற்று. முறைசாராக் கழிவுத் தொழிலின் இடரை நாடு அன்று கண்டது. பதிவுபெற்ற உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. அங்கே வண்டியை ஒப்படைத்துச் சான்று பெறுவோர் புதிய சொந்தக் காருக்கான வரியில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை சலுகை பெற அவை வழிவகுக்கின்றன. ஆனால் பத்தாண்டுக் கார் பலவற்றிற்கும் இரும்பு விலையைவிட மற்றொரு மாநிலத்தில் கிடைக்கும் விலை மிகுதி. ஆகவே தடையில்லாச் சான்றுடன் அவை பிற மாநிலங்களுக்குச் செல்கின்றன. புகை ஒழிவதில்லை; இடம் மாறுகிறது. நெரிசலற்ற ஊரில் அதே புகையைச் சுவாசிப்போர் குறைவு என்பதால் தீங்கு ஓரளவு குறைகிறது என்று வாதிடலாம். சிற்றூரில் அளவீட்டு நிலையம் இல்லாததால் தீங்கு தெரிவதில்லை என்றும் சொல்லலாம்.

என் மரீனா டீசல் கார் 2008 நவம்பரில் தில்லியில் பதிவானது. இராமகிருஷ்ணபுரம் குடியிருப்பிலிருந்து ஊருக்குச் சென்று வரும்போதெல்லாம் பின்புறத்தில் அரிசி மூட்டையும் நல்லெண்ணெய் டின்னும், பின்னாட்களில் என் தாயாரின் சக்கர நாற்காலியும் ஏறின. தில்லியின் வறண்ட காற்றில் தகடு துருப்பிடிக்கவில்லை. குளிர்காலக் காலைகளில் சூடேற்றும் செருகிகள்தாம் தொல்லை கொடுத்தன. டைமிங் பெல்ட்டை உரிய தூரத்திற்கு முன்பே மாற்றிவிடுவேன். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து, சில ஆயிரம் செலவு பல பத்தாயிரமாகிவிடும். பராமரிப்பில் சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் அது ஒன்றுதான் என்று மெக்கானிக் சொல்வார். அவர் சொன்ன மற்றவற்றையெல்லாம் நான் ஒப்பியதில்லை.

2018 நவம்பரில் பத்தாண்டு நிறைந்தது. தூரமானி 1,38,000 காட்டியது. தில்லியில் அதனைக் கேட்டவர்கள் கூறிய விலை, நான்கு புதிய டயர்களுக்கும் ஒரு பேட்டரிக்கும் நான் கொடுத்திருந்ததைவிடச் சற்றே மிகுதி. தடையில்லாச் சான்று பெற்று, தஞ்சை மாவட்டத்தில் உள்ள என் தம்பியிடம் ஒப்படைத்தேன். வண்டியின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரியை மீண்டும் கட்டிப் புதிய எண் பெற வேண்டியிருந்தது. 2023இல் பதினைந்தாண்டு முடிந்தபோது தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். 2022 ஏப்ரல் முதல் உயர்ந்திருந்த கட்டணம் 5,000 ரூபாய். 2028 நவம்பரில் இருபதாண்டு நிறையும். இருபது கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட புதுப்பித்தல் கட்டணம் 10,000 ரூபாய். எரிபொருள் பம்பும் கசியத் தொடங்கியிருக்கிறது. அதைப் பிரித்துச் செப்பனிடுவதா, இருக்கும் வரை ஓட்டிவிட்டு உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பதா என்று தம்பி கேட்டிருந்தான். ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது; மேலே சொன்ன கணக்கின்படி வரும் ஆண்டின் செலவு புதிய காரின் சராசரியில் பாதிகூட வராது. ஆனால் அவன் வீடு பள்ளிக்கூடத்திற்கு எதிரில் இருக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் நேரமும் பிள்ளைகள் உள்ளே நுழையும் நேரமும் ஒன்று. கணக்கை எழுதியனுப்பியபோது இதனையும் குறித்திருந்தேன். பம்பை இன்னும் பிரிக்கவில்லை. பள்ளி நேரத்தில் வண்டியை எடுப்பதில்லை என்று பதில் வந்தது.